பக்கத்துல ஒரு ஷூட்டிங் ரேஞ்ச்: துப்பாக்கி வாங்கறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு



மூணு மாசத்துக்கு முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு அண்ணன் தர்மபுரியில் இருக்கும் என் ஆபீஸுக்கு வந்தார். தக்காளி விவசாயி. எங்க அப்பா காலத்துப் பழக்கம். கையில் மஞ்சப்பை. உள்ளே ஒரு கொட்டேஷன். பையின் அடியில், துணியில் சுத்தி, வீட்டம்மாவோட ஆறு சவரன் நகை.

"ஆடிட்டர் தம்பி, பொண்ணுக்கு ஷூட்டிங் துப்பாக்கி வாங்கணும். நாளைக்கு நகையை வெக்கப் போறேன். எந்த பேங்க்ல வட்டி கம்மின்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

பொண்ணு எட்டாவது படிக்கிறாள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் மனு பாக்கர் ரெண்டு வெண்கலம் வாங்கினதை அப்பாவோட போனில் பார்த்ததிலிருந்து இதே பேச்சாம். விசாரிக்கப் போன ஒரு இடத்தில், "முதல்ல சொந்தமா ரைஃபிள் வாங்கிட்டு வாங்க, அப்புறம் சேர்த்துக்கறோம்"னு சொல்லி கொட்டேஷனையும் கையில் கொடுத்து அனுப்பியிருக்காங்க. ரைஃபிள் 2,40,000 ரூபாய். ஜாக்கெட், பேன்ட், ஷூ, கையுறை 40,000 ரூபாய். மொத்தம் 2,80,000.

வட்டி எங்க கம்மின்னு அவர் கேட்டார். நான் பதிலுக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "அண்ணா, பாப்பா இதுவரைக்கும் எத்தனை தடவை சுட்டிருக்கு?"

ஒரு தடவை கூட இல்லை. ஹொகேனக்கல் போனப்போ பலூன் சுட்டதோட சரி.

இந்தப் பதிவு அந்த அண்ணனுக்காக ஆரம்பிச்சது. ஆனா நீச்சல், டென்னிஸ், ஸ்கேட்டிங்னு எந்த விளையாட்டில் குழந்தையைச் சேர்க்க நினைக்கிறவங்களுக்கும் இது பொருந்தும். நீங்களே முப்பது, நாற்பது வயசில் ஷூட்டிங் கத்துக்க நினைச்சாலும் பொருந்தும். நான் சொல்ல வர்ற விஷயம் இதுதான்: ஷூட்டிங்கில் பெரிய செலவு துப்பாக்கி இல்லை, தூரம். அந்தத் தூரத்தைத் தாங்க வைக்கிறது ரேஞ்சில் உங்களை நடத்தற விதம். இந்த ரெண்டையும் பார்க்காம கடன் வாங்காதீங்க.

முதல்ல அந்த பயத்தைப் பேசிடுவோம்

நம்ம மாவட்டத்தில் துப்பாக்கின்னு சொன்னா விளையாட்டு யாருக்கும் ஞாபகம் வராது. 2004 அக்டோபர் 18 ராத்திரி, பாப்பாரப்பட்டி பக்கம் பாடியில் வீரப்பன் கதை முடிஞ்சது இங்கதான். அதுக்கப்புறமும் மலைக் கிராமங்களில் நாட்டுத் துப்பாக்கி, காட்டுப்பன்றி, கேஸ், கோர்ட்டுன்னு செய்தி வந்துகிட்டேதான் இருக்கு. அதனால "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குத் துப்பாக்கி? போலீஸ் வருமே?"ன்னு சொந்தக்காரங்க கேட்டா கோபப்படாதீங்க. அவங்க பார்த்தது அதுதான்.

சட்டம் என்ன சொல்லுது? ஆயுதச் சட்டம் 1959, அதன் கீழ் வந்த ஆயுத விதிகள் 2016. காற்றழுத்தத்தில் இயங்கும் ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டல் 0.177 அளவுக்குள், அதாவது 4.5 மில்லிமீட்டருக்குள், சக்தி 20 ஜூலுக்குள் இருந்தா ஆயுத உரிமம் தேவையில்லை. ஒலிம்பிக்ஸில் 10 மீட்டர் போட்டிகளில் பயன்படுத்தறது இந்த 4.5 மில்லிமீட்டர் வகைதான். 0.22 மாதிரி தோட்டா போடும் துப்பாக்கிக்கு உரிமம் கட்டாயம். அது வேற உலகம், ஆரம்பத்தில் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

உரிமம் வேண்டாம்னா எங்க வேணா சுடலாம்னு அர்த்தம் இல்லை. தோட்டத்தில் மயில் மேலயோ முயல் மேலயோ குறி வெச்சா, 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டுவீங்க. வெளியே எடுத்துட்டுப் போகும்போது பெட்டியில் பூட்டி, பில்லோட எடுத்துட்டுப் போங்க. பஸ்ஸில் தோளில் மாட்டிட்டுப் போற பொருள் இல்லை இது.

10 மீட்டர்னா என்ன?

பத்து மீட்டர் தூரத்தில் ஒரு அட்டை. ஏர் ரைஃபிளுக்கான அட்டையில் எல்லா வளையமும் சேர்ந்து 45.5 மில்லிமீட்டர் குறுக்களவு. நடுவில் இருக்கும் பத்துப் புள்ளி வெறும் 0.5 மில்லிமீட்டர், பால்பாயின்ட் பேனாவில் வைக்கும் புள்ளி சைஸ். பிஸ்டலுக்குக் கொஞ்சம் தாராளம், பத்துப் புள்ளி வட்டம் 11.5 மில்லிமீட்டர். போட்டியில் 60 ஷாட், 75 நிமிஷம். ஆண், பெண் ரெண்டு பேருக்கும் ஒரே எண்ணிக்கை.

ஓட வேண்டாம், உயரம் வேண்டாம். மூச்சை அடக்கி, உடம்பை அசையாம வெச்சு, விரலை மெதுவா இழுக்கணும். மார்ச் மாசத்தில் ஒரு ஆடிட்டர் செய்ய முடியாத மூணு வேலையும் இதில் இருக்கு. நானே ரேஞ்ச் தேடிப் போனதுக்குக் காரணம் அதுதான்.

செலவு பக்கம் ஒரு சின்னத் தகவல்: பெல்லட் ஒரு டப்பாவில் 500 இருக்கும். ஒரு நாளைக்கு 60 ஷாட்னா ஒரு டப்பா எட்டு நாள் பயிற்சிக்கு வரும். ஆக, ஆரம்ப நிலையில் குண்டுச் செலவு உங்களைச் சாய்க்காது. சாய்க்கிறது எதுன்னு இப்போ பார்ப்போம்.

சரி, கணக்குக்கு வருவோம்

அந்த அண்ணனும் நானும் ஒரு பேப்பரில் போட்ட கணக்கு இது. உங்க ஊர், உங்க கட்டணம் வேற மாதிரி இருக்கும். எண்ணை மாத்திப் போட்டுக்கோங்க, முறை அதேதான்.

எங்க தேடலில் தர்மபுரிக்குள்ளேயே பொதுமக்கள் நேரா போய்ச் சேரக்கூடிய ரேஞ்ச் எங்களுக்குக் கிடைக்கலை. அதனால சேலத்தை வெச்சுக் கணக்குப் போட்டோம். பாலக்கோட்டிலிருந்து தர்மபுரி வந்து, பஸ் மாறி, தொப்பூர் கணவாய் இறங்கி சேலம் போகணும். ஒரு வழிக்கு ஏறக்குறைய 90 கிலோமீட்டர். காத்திருக்கும் நேரம் சேர்த்து போக வர ஆறு மணி நேரம். ரேஞ்சில் சுடுறது ஒரு மணி நேரம்.

முதல் திட்டம், அவர் மனசில் இருந்தது: வாரம் மூணு நாள், மாசம் 12 நாள்.

- பயிற்சிக் கட்டணம்: 3,500
- ரெண்டு பேருக்கு பஸ், டவுன் பஸ், சாப்பாடு, ஒரு நாளைக்கு 600 வீதம்: 7,200
- அப்பா தோட்டத்தில் இல்லாத நாளுக்கு ஆள் கூலி 700 வீதம்: 8,400
- மாசத்துக்கு மொத்தம்: 19,100
- வருஷத்துக்கு: 2,29,200

கவனிங்க. கட்டணம் 3,500. தூரத்துக்காகக் கொடுக்கறது 7,200-உம் 8,400-உம் சேர்த்து 15,600. கட்டணத்தைப் போல நாலரை மடங்கு! "ஃபீஸ் கம்மியா இருக்கு தம்பி"ன்னு அவர் சந்தோஷப்பட்டது இந்த 3,500-ஐப் பார்த்துத்தான்.

பெண்களுக்கான இலவசப் பயணம் இருக்கேன்னு அக்கா ஒருத்தர் கேட்டார். அது சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்குத்தான். தர்மபுரி-சேலம் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்கணும். காரில் போகலாமேன்னா, 180 கிலோமீட்டருக்கு 12 லிட்டர் பெட்ரோல், லிட்டர் 100 ரூபாய்னு வெச்சாலே 1,200. அதுக்கு மேல டோல். ராத்திரியில் தொப்பூர் கணவாயில் வண்டி ஓட்டறதைப் பத்தி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதோட துப்பாக்கிச் செலவு 2,80,000. நகைக்கடன் வட்டி 10 சதவீதம்னு வெச்சா வருஷத்துக்கு 28,000. முதல் வருஷம் மொத்தம் 5,37,200 ரூபாய். ஒரு தடவை கூட சுட்டுப் பார்க்காத குழந்தைக்கு!

பேப்பரைத் திருப்பிக் காட்டினேன். அண்ணன் ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "தக்காளி கிலோ நாலு ரூபாய்க்குப் போன வருஷம் இதை எப்படிக் கட்டியிருப்பேன்?"ன்னு கேட்டார். என்கிட்ட இல்லை, தன்கிட்டயே கேட்டுக்கிட்டார்.

"வேண்டாம்"னு சொல்லலாமா?

இந்த இடத்தில் பெரும்பாலான ஃபைனான்ஸ் ஆளுங்க "இதெல்லாம் பணக்காரங்க விளையாட்டு, எஸ்.ஐ.பி. போடுங்க"ன்னு முடிச்சுடுவாங்க. நான் அப்படிச் சொல்லலை. காரணம், ஜோஹ்ரி.

உத்தரப் பிரதேசத்தில் பாக்பத் மாவட்டத்தில் ஒரு கரும்பு விவசாயக் கிராமம் ஜோஹ்ரி. அங்க ஊருக்குள்ளேயே ஒரு ரேஞ்ச் ஆரம்பிச்சாங்க. 1999-ல் ஒரு பேத்தி அங்க தனியா போகத் தயங்கினாள். துணைக்குப் பாட்டி போனார். பேர் சந்த்ரோ தோமர், வயசு அறுபதைத் தாண்டிடுச்சு. பேத்திக்குக் காட்டறதுக்காக பிஸ்டலைக் கையில் எடுத்தவர், குறியில் அடிச்சார். "வயசான அம்மா, ஓரமா உட்காருங்க"ன்னு அந்தப் பயிற்சியாளர் சொல்லியிருந்தா கதை அங்கேயே முடிஞ்சிருக்கும். "நீங்களும் வாங்க"ன்னு சொன்னார். அப்புறம் அவரோட ஓரகத்தி பிரகாஷி தோமரும் சேர்ந்தார். ரெண்டு பேரும் போட்டி போட்டியா பதக்கம் வாங்கினாங்க. பிரகாஷியோட மகள் சீமா தோமர் 2010-ல் உலகக் கோப்பை டிராப் பிரிவில் வெள்ளி வாங்கினார். இந்தப் பாட்டிகளைப் பத்தி 2019-ல் இந்திப் படமே வந்தது. சந்த்ரோ பாட்டி 2021 ஏப்ரலில் கொரோனாவில் போயிட்டார்.

அதே பாக்பத் மாவட்டத்தில் பினௌலின்னு இன்னொரு ஊர். அங்கிருந்த சின்ன ரேஞ்சில் பயிற்சி எடுத்தவர்தான் சௌரப் சௌத்ரி, விவசாயி மகன். 2018 ஆசியப் போட்டியில் ஏர் பிஸ்டலில் தங்கம் வாங்கினப்போ அவருக்கு 16 வயசு.

இவங்களுக்கு நம்மகிட்ட இல்லாத எது இருந்தது? பணம் இல்லை. ஊருக்குள்ளேயோ பக்கத்து ஊரிலேயோ ரேஞ்ச் இருந்தது. உள்ளே வந்தவங்களை யாரும் ஏன் வந்தேன்னு கேட்கலை.

நம்ம பக்கம் பாருங்க. உலகத் தரவரிசையில் முதலிடம் வரைக்கும் போன இளவேனில் வாலறிவன் பிறந்தது கடலூரில். வளர்ந்தது, துப்பாக்கி பிடிச்சது எல்லாம் அகமதாபாத்தில். பக்கத்தில் ரேஞ்ச் இருந்த ஊரில் வளர்ந்தார்னு நான் எடுத்துக்கறேன்.

வரவேற்பும் பணம்தான்

என் சொந்த அனுபவம் ரெண்டு.

முதல் இடம். எந்த ஊர்னு வேண்டாம். உள்ளே போனதும், "மெம்பரா? யார் ரெஃபரன்ஸ்?" ரெண்டும் இல்லைன்னேன். கட்டணம் எவ்வளவுன்னு கேட்டா, "வருஷ ஃபீஸ் கட்டினா மத்ததெல்லாம் சொல்லுவோம்." பார்க்கலாமான்னா, "பார்க்க என்ன இருக்கு?" பத்து நிமிஷம் நின்னேன், உட்காருங்கன்னு யாரும் சொல்லலை. நான் சி.ஏ., இங்கிலீஷ் பேசத் தெரியும், எனக்கே கூச்சமா இருந்தது. அந்த அண்ணன் வேட்டியோட பொண்ணைக் கூட்டிட்டுப் போயிருந்தா?

ரெண்டாவது இடம், சேலத்தில். ரிட்டயர்டு ஆன ஒரு பெரியவர் சேர் இழுத்துப் போட்டார். "இன்னைக்குச் சுட வேண்டாம் சார், ஒரு மணி நேரம் சும்மா பாருங்க"ன்னார். அடுத்த வாரம் முதல் பதினைஞ்சு நிமிஷம் பாதுகாப்பு மட்டும். துப்பாக்கி முனை எப்பவும் டார்கெட் பக்கம், சுடும் வரைக்கும் விரல் ட்ரிக்கருக்கு வெளியே, "ஸ்டாப்"னு சத்தம் கேட்டா உடனே கீழே வைக்கணும். பெல்லட் ஈயம், அதனால முடிச்சதும் கையை சோப்புப் போட்டுக் கழுவாம டீ கிளாஸைத் தொடக்கூடாது. என் முதல் ஷாட் மூணு புள்ளி. "அட்டையில பட்டுச்சே சார், அது போதும்"னு சிரிச்சார்.

முதல் இடத்தில் வருஷக் கட்டணம் கட்டியிருந்தா நாலு தடவை போயிட்டு நின்னிருப்பேன். போகாத ஜிம்முக்குக் கட்டின பணம் மாதிரி. ரெண்டாவது இடத்துக்கு 65 கிலோமீட்டர் போறேன், இன்னும் போயிட்டுத்தான் இருக்கேன். ஒரு தடவைக்கான உண்மைச் செலவுன்னா, கட்டின மொத்தப் பணத்தை நீங்க நிஜமா போன நாட்களால் வகுக்கணும். அன்பா பேசற இடத்துக்கு நாம திரும்பத் திரும்பப் போவோம், வகுக்கும் எண் கூடும். அதனாலதான் வரவேற்பும் பணம்தான்னு சொல்றேன்.

எங்க தேடறது?

தமிழ்நாட்டில் பழைய ரைஃபிள் கிளப்கள் பல காவல்துறை வளாகங்களை ஒட்டி வளர்ந்தவை. சென்னை ரைஃபிள் கிளப் எழும்பூர் பழைய கமிஷனர் ஆபீஸ் வளாகத்தில் இருக்கு. கோவையில் போலீஸ் பயிற்சி மைதானப் பக்கம். திருச்சியிலும் கே.கே.நகர் ஆயுதப்படை வளாகம். 2022-ல் மாநிலப் போட்டி அங்க நடந்தப்போ நடிகர் அஜித் வந்து பதக்கம் வாங்கினது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். புதுக்கோட்டையில் அரச குடும்பத்து வழியில் வந்த ஸ்போர்ட்ஸ் கிளப். பாரிஸ் போன பிரித்விராஜ் தொண்டைமான் அந்த ஊர்க்காரர்.

வாசலில் போலீஸ், இல்லேன்னா அரண்மனைப் பேர். இதைப் பார்த்துட்டு "நமக்கு இல்லைப்பா"ன்னு திரும்பி வந்துடறோம். திரும்பாதீங்க. கேட்டுப் பாருங்க. அதுக்கு நான் சொல்ற வரிசை:

1. மாவட்ட விளையாட்டு அலுவலர் அலுவலகம். மாவட்டத்தில் ஏர் ரைஃபிள் பயிற்சி ஏதாவது இருக்கான்னு நேரில் கேளுங்க.
2. தமிழ்நாடு துப்பாக்கி சுடும் சங்கம். உங்களுக்குப் பக்கத்தில் அவங்களோட இணைந்த கிளப் எதுன்னு கேளுங்க. மாநிலப் போட்டிக்குப் போகிற வழி இந்தச் சங்கம்தான்.
3. பள்ளியிலோ கல்லூரியிலோ என்.சி.சி. இருந்தா அதில் சேர்க்கலாம். துப்பாக்கி சுடுதல் அதில் பயிற்சியிலேயே ஒரு பகுதி, செலவும் மிகக் குறைவு. என்னைக் கேட்டா ஏழை வீட்டுக் குழந்தைக்கு முதல் வாசல் இதுதான்.
4. தனியார் 10 மீட்டர் ரேஞ்ச். ஓசூர், காரிமங்கலம் பக்கம் இருக்கறவங்க பெங்களூரையும் தேடலில் சேர்த்துக்கோங்க. பாலக்கோடு, அரூர்க்காரங்களுக்கு சேலம்தான் கைக்கெட்டும்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய ஒன்பது கேள்விகள்

இதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க.

1. முதல் நாள் காசு கட்டாம உட்கார்ந்து பார்க்கலாமா?
2. கட்டணம் எழுத்தில் இருக்கா? ஒரு நாள் கட்டணம் உண்டா, வருஷக் கட்டணம் மட்டும்தானா?
3. கிளப் துப்பாக்கி கிடைக்குமா? எத்தனை மாசம் வரைக்கும் அதிலேயே பழகலாம்?
4. ஒரு மணி நேரத்தில் என் குழந்தைக்கு லேன் எத்தனை நிமிஷம் கிடைக்கும்? ஒரே லேனில் நாலு பேர் மாத்தி மாத்திச் சுட்டா, நீங்க ஒரு மணி நேரத்துக்குக் காசு கட்டி பதினைஞ்சு நிமிஷம் வாங்கறீங்க.
5. முதல் ஷாட்டுக்கு முன்னாடி பாதுகாப்பு வகுப்பு உண்டா? இதுக்கு "அதெல்லாம் போகப் போகத் தெரியும்"னு பதில் வந்தா எழுந்து வந்துடுங்க. இதில் பேரமே இல்லை.
6. வேற பொண்ணுங்க வர்றாங்களா? பெண்களுக்குக் கழிப்பறை இருக்கா? கூட வர்ற அப்பா அம்மா உட்கார இடம் இருக்கா?
7. துப்பாக்கி எங்க வேணா வாங்கலாமா, உங்ககிட்டதான் வாங்கணுமா? விக்கறவரே "வாங்கு"ன்னு சொன்னா அது ஆலோசனை இல்லை, விற்பனை. எல்.ஐ.சி. பாலிசியாகட்டும், ரைஃபிளாகட்டும், விதி ஒண்ணுதான்.
8. இந்த கிளப் மூலமா மாநிலப் போட்டிக்குப் பேர் கொடுக்க முடியுமா?
9. ரசீது கொடுப்பீங்களா?

ஒன்பதில் ஏழுக்கு நல்ல பதில் வந்தா அது நல்ல இடம். ஐந்தாவது கேள்விக்கு மட்டும் கட்டாயம் நல்ல பதில் வரணும்.

"12 ஞாயிறு" திட்டம்

அந்த அண்ணனுக்கு நான் கொடுத்த திட்டம் இது. எந்தப் பொருளும் வாங்கக் கூடாது. மூணு மாசம், 12 ஞாயிறு. கிளப் துப்பாக்கி, ஒரு நாள் கட்டணம்.

- ஒரு நாள் கட்டணம் 400 வீதம் நாலு ஞாயிறு: 1,600
- பயணம், சாப்பாடு 600 வீதம்: 2,400
- ஆள் கூலி 700 வீதம்: 2,800
- மாசத்துக்கு: 6,800
- மூணு மாசத்துக்கு: 20,400 ரூபாய்

5,37,200-க்குப் பதில் 20,400. நகை பெட்டியிலேயே இருக்கும்.

நடுவில் இருக்கும் ஆறு நாளும் வீணா? இல்லை. நிற்கும் நிலை, ஒத்தைக் காலில் சமநிலை, மூச்சுப் பயிற்சி, முதுகுக்கும் வயித்துக்கும் பலம் தர்ற உடற்பயிற்சி எல்லாம் வீட்டிலேயே செய்யலாம். பயிற்சியாளர்கிட்ட எழுதி வாங்கிக்கோங்க. பெரிய வீரர்களும் குண்டு போடாம துப்பாக்கியைப் பிடிச்சு நிற்கும் பயிற்சியைத்தான் மணிக்கணக்கில் செய்யறாங்க.

12 ஞாயிறு முடிஞ்சதும் மூணு கேள்வி. நீங்க எழுப்பாம குழந்தையே எழுந்து கிளம்பிச்சா? மோசமாச் சுட்ட வாரத்துக்கு அடுத்த வாரமும் போகணும்னு சொல்லிச்சா? இன்னும் ஒரு வருஷம் துப்பாக்கி வாங்கலைன்னு சொன்னாலும் சரின்னுச்சா? மூணுக்கும் ஆமான்னா தொடருங்க. இல்லைன்னா 20,400-ல் ஒரு நல்ல அனுபவம் கிடைச்சதுன்னு நினைச்சு நிறுத்திடுங்க. குழந்தையைத் திட்டாதீங்க.

தொடர்ந்தாலும் வாங்கும் வரிசை முக்கியம். முதல்ல கையுறை, ஷூ. அப்புறம் பழைய ஜாக்கெட். 13 வயசுக் குழந்தைக்குப் புது ஜாக்கெட் தைச்சா ஒரே வருஷத்தில் பத்தாமப் போயிடும், சீனியர் அக்காக்களோட பழையது அதே ரேஞ்சிலேயே கிடைக்கும். கடைசியாத்தான் ரைஃபிள், அதுவும் கிளப் துப்பாக்கியிலேயே ஒரு மாநிலப் போட்டி சுட்டு முடிச்ச பிறகு. அந்த நாள் வரைக்கும் மாசம் 3,000 ரூபாய் தனி ஆர்.டி. போடுங்க. ரெண்டு வருஷத்தில் வட்டி இல்லாமலே 72,000 சேரும். கடன் வாங்கினாலும் அந்த அளவுக்குக் குறைச்சு வாங்கினாப் போதும், செகண்ட் ஹேண்டா இருந்தா இன்னும் குறையும்.

"ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைக்குமே தம்பி?" நியாயமான ஆசைதான். தமிழ்நாட்டில் அரசு வேலையில் சாதனை படைச்ச விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கு. அது எந்த அளவுப் போட்டியில் என்ன பதக்கம்ங்கறதைப் பார்த்துக் கொடுக்கறது. சொந்த ரைஃபிள் வெச்சிருக்கறதுக்கு இல்லை. அந்த வேலையை நம்பிக் கடன் வாங்கறது லாட்டரியை நம்பிக் கடன் வாங்கற மாதிரி.

வரி பத்தி ரெண்டு வார்த்தை

பயிற்சிக் கட்டணத்தைக் குழந்தை படிப்புக்கான வரிக் கழிவில் காட்டலாமான்னு கேட்கறாங்க. முடியாது. அதில் வர்றது பள்ளி, கல்லூரி முழுநேரப் படிப்புக்கான டியூஷன் ஃபீஸ் மட்டும், அதுவும் பழைய வரிமுறையில்தான். துப்பாக்கிக்காக வாங்கின நகைக்கடனின் வட்டிக்கும் சலுகை கிடையாது.

ஊருக்கே ஒரு ரேஞ்ச் வந்தா?

கணக்கில் தூரத்தை அழிச்சுட்டுப் பாருங்க. அதே மூணு நாள் பயிற்சி மாசம் 19,100-லிருந்து 3,500-க்கு வந்துடும். அதனாலதான் இதை எழுதறேன். 10 மீட்டர் ரேஞ்சுக்கு ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டாம். ஏறக்குறைய 15 மீட்டர் நீள ஹால், பெல்லட்டைத் தடுக்கும் பின்சுவர், கயிறு-கப்பி வெச்சு இழுக்கும் டார்கெட், நல்ல வெளிச்சம், பயிற்சி பெற்ற ஒருத்தர். ஒரு பள்ளியின் பழைய ஹால் போதும்.

பெற்றோர் ஏழு பேர் சேர்ந்தா தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் சங்கமாப் பதிவு செய்யலாம். வருஷ வரவு 20 லட்சத்துக்குள் இருந்தா ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. பிறகு வருமான வரிச் சட்டத்தில் தொண்டு அமைப்பாப் பதிவு வாங்கினா, தொண்டு அமைப்பு கொடுக்கும் விளையாட்டுப் பயிற்சிக்கு ஜி.எஸ்.டி. விலக்கும் இருக்கு. நன்கொடைச் சலுகைக்கான அனுமதியும் வாங்கினா நன்கொடை கொடுக்கறவங்களுக்கு பழைய வரிமுறையில் சலுகை கிடைக்கும். ஆனா முதல் ஆணி அடிக்கும் முன்னாடியே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் எஸ்.பி. ஆபீஸிலும் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்க.

அந்த அண்ணன் என்ன செய்தார்?

மஞ்சப்பையை எடுத்துட்டு வீட்டுக்குப் போனார். நகை திரும்ப பீரோவுக்குப் போயிடுச்சு. அதுக்கு அடுத்த ஞாயிறு அந்த சேலம் ரேஞ்சுக்கு நானே கூட்டிட்டுப் போனேன். பெரியவர் அப்பாவுக்கும் ஒரு சேர் போட்டார். "நீங்களும் ஒரு ஷாட் அடிங்க"ன்னார். அண்ணன் வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு அடிச்சார். அட்டையிலேயே படலை. பொண்ணு சிரிச்ச சிரிப்பு ஹால் முழுக்கக் கேட்டது.

இதுவரைக்கும் ஒன்பது ஞாயிறு முடிஞ்சிருக்கு. தக்காளி அறுப்பு வந்ததால் ஒரு வாரம் போகலை. அன்னைக்கு அவள் எனக்கு போன் பண்ணி, "மாமா, நீங்க போறீங்களா? என்னையும் கூட்டிட்டுப் போறீங்களா?"ன்னு கேட்டாள். எனக்கு அன்னைக்கு ஃபைலிங் கடைசி நாள், போக முடியலை. இன்னும் மூணு ஞாயிறு பாக்கி இருக்கு. அப்புறம் அந்த மூணு கேள்வியை அப்பாவும் பொண்ணும் உட்கார்ந்து பேசிக்குவாங்க. பதில் என்னன்னு எனக்கும் தெரியாது.

உங்க ஊர்ப் பக்கம் புதுசா வர்றவங்களை நல்லா நடத்தற ரேஞ்ச் தெரிஞ்சா கமெண்டில் சொல்லுங்க. தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரங்க கண்டிப்பா சொல்லுங்க. இந்தக் கணக்கை எண்ணை மாத்திப் போட்டுப் பார்க்கறது எப்படின்னு அடுத்த வீடியோவில் பேப்பர், பேனாவோட காட்டறேன்.

கணக்குப் போட்டுட்டு ஆசைப்படுங்க, இல்லேன்னா ஆசைப்பட்டுட்டு கணக்குப் போடுங்க. ரெண்டில் எதுன்னாலும் சரி, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி போட்டுடுங்க.